ஆயிலில் கரையும் ரப்பர்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலில் எதற்கு இரண்டு எண்?

பதில்: முதல் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு. இரண்டாவது, 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. சூடேறினால் எந்த எண்ணெயும் தண்ணியாகும். அதைச் சமாளிக்க மெல்லிய எண்ணெயில் பாலிமர், அதாவது நீளமான மூலக்கூறுகள் கொண்ட பொருள், சேர்க்கிறோம். அதில் ஒரு வகையான ஓலிபின் கோபாலிமர் எங்கள் ஆய்வகத்துக்கு ரப்பர் கட்டியாகத்தான் வரும். துண்டுபோட்டுச் சூட்டில் கரைத்தால் தேன் மாதிரி ஆகிவிடும். விரலில் தொட்டுப் பிரித்தால் நூலாக இழுபடும்.

கேள்வி: புது ஆயில் ஊற்றி 2,000 கிலோமீட்டரிலேயே பைக்கில் கியர் கடிக்கிறது. போலி ஆயிலா?

பதில்: அப்படித்தான் என்று சொல்ல முடியாது தம்பி. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். கியர் பற்களுக்கு இடையே நசுங்கி பாலிமரின் நீளமான மூலக்கூறு அறுந்துபோகும். அறுந்தது திரும்ப ஒட்டாது. டீசல் இன்ஜெக்டர் வழியே 30 முறை பீய்ச்சி இதைச் சோதிப்போம். 40 என்று போட்ட ஆயில் 100 டிகிரியில் 12.5 சென்டிஸ்டோக்ஸாவது (கெட்டியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஒரு மாதிரி 14-ல் தொடங்கி 12-க்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். அது 30 ஆயில்தான். இதற்காக, ஆயிலைக் கெட்டியாக்கும் திரவப் பாட்டில் வாங்கி ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: கார் ஆயில் பைக்குக்கு ஆகுமா?

பதில்: வேண்டாம், கிளட்ச் வழுக்கலாம். கேனில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிறதா பாருங்கள்; பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான ஜப்பானியத் தரக்குறி அது.

கேள்வி: சூட்டில் பாலிமர் சுருள் விரிவதால்தான் ஆயில் கெட்டியாக நிற்கிறது என்று வகுப்பில் நடத்துகிறேன். அதைச் சொல்லவே இல்லையே?

பதில்: தெரிந்தேதான் விட்டேன் சார். பாலிமெத்தாக்ரிலேட் என்ற வேறு வகைப் பாலிமருக்கு அது சரி. ஓலிபின் கோபாலிமர் குளிரிலும் விரிந்தே கிடக்கும். சூட்டில் அதன் அளவு பெரிதாக மாறாது.

கேள்வி: அப்படியானால் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் எப்படி உயர்கிறது?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும்! வெப்பம் மாறும்போது ஆயிலின் கெட்டி எவ்வளவு குறைவாக மாறுகிறது என்று காட்ட, 1929-ல் டீன், டேவிஸ் என்ற இருவர் வகுத்த அளவுகோல் அது. இன்றைய முறையில், 100 டிகிரியில் அதே கெட்டியுள்ள வேறு எண்ணெய்களோடு நம் ஆயிலை ஒப்பிடுகிறோம். அந்த எண்ணெய்கள் 40 டிகிரிக்கு ஆறும்போது மிக அதிகமாக இறுகும். நம்முடையதோ மெல்லிய எண்ணெய், ஆறினாலும் அந்த அளவுக்கு இறுகாது. பாலிமர் இரண்டு வெப்பத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கெட்டி கூட்டுகிறது. அதுவே இண்டெக்ஸை உயர்த்திவிடும். சுருள் விரிய வேண்டியதில்லை. தயவுசெய்து பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள் சார்.

கேள்வி: என் பைக்குக்கு 10டபிள்யூ-30-ஆ, 20டபிள்யூ-40-ஆ?

பதில்: வண்டியோடு தந்த புத்தகத்தில் இருக்கிறது.

கேள்வி: 150 சிசி வண்டிக்கு எது நல்லது?

பதில்: புத்தகத்தைப் பாருங்கள்.

கேள்வி: கெட்டியாக்கும் பாட்டில் பாதி ஊற்றலாமா?

பதில்: கால்வாசிகூட வேண்டாம். அதிலும் இருப்பது பாலிமர்தான். அதையும் கியர் அறுக்கும்.