முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் மினாக்சிடிலும், மாத்திரையாக விழுங்கும் ஃபினாஸ்டரைடும் சேர்த்துப் பயன்படுத்தலாமா? தனித்தனியாகத்தான் பயன்படுத்த வேண்டுமா?

தாராளமாகச் சேர்க்கலாம். நானும் இரண்டையும்தான் எடுக்கிறேன். இரண்டுக்கும் வேலை வேறு. ஆண்களுக்கு நெற்றியோரத்திலும் உச்சியிலும் விழும் பரம்பரை வழுக்கையில், டிஎச்டி என்ற ஹார்மோன் முடிவேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. ஃபினாஸ்டரைடு தினம் 1 மில்லிகிராம் எடுத்தால் ரத்தத்தில் டிஎச்டி ஏறக்குறைய 70 சதவீதம் குறையும். மினாக்சிடில் ஹார்மோன் பக்கமே போகாது. முடி வளரும் காலத்தை நீட்டிவிடும், அவ்வளவுதான். அதை மட்டும் தடவுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் எது காரணம் என்றே தெரியாது. ஃபினாஸ்டரைடு சிலருக்கு ஆண்மை சார்ந்த தொல்லையும் மனச்சோர்வும் தரும். தோல் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். புராஸ்டேட் சுரப்பிக்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் ஃபினாஸ்டரைடு பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், அந்தச் சோதனைக்குப் போனால் மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது.

மினாக்சிடிலில் பலர் ஓடிப்போவது முதல் சில வாரங்களில்தான். வளர மருந்து போட்டால் சீப்பில் கொத்துக்கொத்தாக வருகிறதே என்று வயிறு கலங்கும். ஓய்வில் இருந்த பழைய முடி இடம் விட்டுக் கிளம்புகிறது, தானாகவே அடங்கிவிடும். தலை காய்ந்திருக்கும்போது வகிடு எடுத்து, முடியில் இல்லாமல் தோலில் படும்படி 1 மில்லி விடுங்கள். நெற்றியில் வழிந்தால் உடனே துடையுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் பூனைமுடி முளைக்கும். (நிஜப் பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனம்: மினாக்சிடில் பூனைக்கு விஷம்.) அரிப்பு எடுத்தால் பெரும்பாலும் திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கால்தான் காரணம், நுரை வடிவத்துக்கு மாறிப் பாருங்கள்.

மூன்றாவதாக எதையாவது சேர்க்க ஆசையென்றால், டெர்மாரோலர், அதாவது தோலில் உருட்டும் நுண்ணூசி உருளை. 2013இல் இந்தியாவில் 100 ஆண்களிடம் செய்த ஆய்வில், மினாக்சிடிலோடு வாரம் ஒருமுறை 1.5 மில்லிமீட்டர் ரோலர் போட்டவர்களுக்கு, 12 வாரத்தில் வெறும் மினாக்சிடிலைவிட நல்ல பலன் தெரிந்தது. குத்திய கையோடு மட்டும் மருந்து தடவாதீர்கள், ஒரு நாள் போகட்டும். கீட்டோகோனசோல் ஷாம்பு பொடுகு இருந்தால் நல்லது. பயோட்டின் என்ற வைட்டமின்? உடம்பில் குறைபாடு இல்லாதவருக்குத் தண்டச் செலவு.

அப்புறம், ஆறு மாதமாவது போகாமல் பலனை எடைபோடாதீர்கள். நிறுத்தினால் வந்த முடி சில மாதங்களில் போய்விடும், அதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.