கையில முழுப் பணம் இருந்தா வீட்டு விலை குறையுமா? வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

கேள்வி: அண்ணாச்சி, துபாய்ல பதினெட்டு வருஷம் இருந்துட்டு ஊரோட வந்துட்டேன். பெருமாள்புரத்துல அஞ்சு சென்ட்ல ஒரு பழைய வீடு பாத்திருக்கோம், கட்டி முப்பது வருஷத்துக்கு மேல இருக்கும். 85 லட்சம் சொல்லுதாங்க. என்கிட்ட 85 லட்சமும் பேங்க்ல இருக்கு, லோன் வேண்டாம். 'முழுப் பணமும் ரெடி, பத்து லட்சம் குறைங்க'ன்னு நேரா கேட்டுரலாமா? புரோக்கர் முதல்லயே சொல்லிருங்கன்னு சொல்லுதாரு, மச்சினன் மூச்சே விடக்கூடாதுங்கான். (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, பேரத்துக்கு முன்னால உங்க கணக்கையே ஒரு தடவை பாப்போம். 85 லட்சத்தை வச்சிக்கிட்டு 85 லட்ச ரூவா வீட்டை வாங்க முடியாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 85க்கு 7 லட்சத்து 65 ஆயிரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்லயே போயிரும். 77 லட்சத்துக்கு முடிச்சீங்கன்னா பத்திரச் செலவு 6 லட்சத்து 93 ஆயிரம், மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சத்துல வக்கீல், பத்திரம் எழுதுதவரு, தரகு எல்லாம் பாக்கணும், புரோக்கர் ரெண்டு சதவீதம் கேட்டாருன்னா அதுவும் இடிக்கும். அதனால 77தான் உங்க உச்ச விலை, அதுக்கு மேல ஒரு ரூவா ஏறினாலும் தங்கச்சி நகையை அடகு வைக்கத்தான் போவீங்க. இந்த நம்பரை வீட்டுல ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு அப்புறமா படி ஏறுங்க.

இப்ப ரெடி பணத்துக்கு என்ன மதிப்புன்னு பாப்போம். நம்ம ஆளுங்க நிறைய பேரு நினைக்காவ, கையில பணம் இருக்குன்னு சொன்ன உடனே விக்கிறவரு எழுந்து நின்னு விலையைக் குறைப்பாருன்னு. அவரு ஏன் குறைக்கணும்? பத்திரம் சுத்தமா இருக்கு, பிளான் அப்ரூவல் இருக்கு, புது வீடு, கேக்க நாலு பேரு வரிசையில நிக்கான்னா பேங்க் குடுக்கிற டிடியும் நீங்க குடுக்கிற டிடியும் அவருக்கு ஒண்ணுதான், ஒரு மாசம் பொறுத்தா போச்சு. அப்படிப்பட்ட வீட்டுல ஒரு லட்சம் ரெண்டு லட்சம் குறைஞ்சாலே பெரிசு.

உங்க வீடு அப்படி இல்ல. முப்பது வருஷக் கட்டடம். லோன் போட்டு வாரவனுக்கு பேங்க் இன்ஜினியர் வந்து கட்டடத்துக்கு மதிப்பு போடுவாரு, பழசுக்கு பெருசா ஒண்ணும் போட மாட்டாரு, அப்ப லோன் பத்தாம கையில இருந்து நிறைய போட வேண்டியிருக்கும். பழைய பிளான் காணோம், மாடியில பிளான்ல இல்லாம ரெண்டு ரூம் ஏத்தியிருக்காங்க, பட்டா இன்னும் தாத்தா பேர்லயே கிடக்குன்னு வச்சிக்கோங்க, லோன்காரன் பாதியிலயே கழண்டுருவான். இந்த மாதிரி வீட்டுலதான் உங்க பணத்துக்கு விலை. அதனால முதல்ல விசாரிக்க வேண்டியது, இதுக்கு முன்னால யாராவது பேசி அட்வான்ஸ் வரைக்கும் வந்து நின்னு போச்சா, ஏன் நின்னுச்சுன்னு. புரோக்கர்கிட்ட கேட்டா மழுப்புவாரு. பக்கத்து வீட்டுல, தெருமுனை மளிகைக் கடையில கேளுங்க, வண்டி வண்டியா சொல்லுவாங்க.

அடுத்தது ஏன் விக்கிறாங்கன்னு தெரியணும், விலையை விட இதுதான் முக்கியம். அப்பா போயிட்டாரு, ஒருத்தர் சென்னையில ஒருத்தர் பெங்களூர்ல ஒருத்தர் தூத்துக்குடியிலன்னா அவங்களுக்கு ரெண்டு லட்சம் கூடக் கிடைக்கிறதை விட எல்லாரும் ஒரே நாள் வந்து கையெழுத்து போட்டுட்டு பங்கை வாங்கிட்டு போறதுதான் நிம்மதி. அங்க போய் 'அவங்கவங்க பேர்ல தனித்தனி டிடி, ஒரே நாள், நீங்க சொல்லுத தேதி'ன்னு சொல்லிப் பாருங்க, பேச்சு தானா இறங்கும். வீட்டு மேல கடன் இருந்து வட்டி ஓடுதுன்னா இன்னும் அவசரம் இருக்கும். அப்படின்னா அசல் பத்திரம் பேங்க்ல கிடக்கும், கடன் பாக்கியை நீங்களே அந்த பேங்குக்கு நேரா கட்டி, அசல் பத்திரமும் கடன் தீர்ந்த ரசீதும் கைக்கு வாரமாதிரி பேசிக்கோங்க, பணத்தை அவரு கையில குடுத்து அவரு போய் அடைப்பாருன்னு இருக்காதீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு விக்கிறாங்கன்னா தேதிதான் எல்லாம், முகூர்த்தத்துக்கு முன்னால பணம் வேணும். சும்மா விலை பாக்க விக்கிறவங்களும் உண்டு, அவங்ககிட்ட உங்க பணம் பாச்சா பலிக்காது, விட்டுருங்க.

புரோக்கரும் மச்சினனும் சொல்லுதது ரெண்டுமே பாதிதான் சரி. முதல் நாளே சொன்னா அதை ஒரு காதுல வாங்கிட்டு விலையில நிப்பாரு. கடைசி வரைக்கும் சொல்லலைன்னா உங்களையும் லோன்காரன் வரிசையில வச்சிருவாரு. பேச்சு ஓடி ரெண்டு மூணு லட்ச வித்தியாசத்துல நிக்கும் பாருங்க, அப்ப சொல்லுங்க, அதுவும் தேதியோட சொல்லுங்க: 'லோன் இல்ல. இன்னைக்கு பேச்சு முடிஞ்சா நாளைக்கு ஒப்பந்தம், வக்கீல் பாத்து சரின்னுட்டா இருபது நாள்ல பத்திரம், அன்னைக்கே முழுப் பணம்.' அதோட, புரோக்கர் தரகு விலை மேலதான் போட்டு வாங்குவாரு, அவரு உங்க ஆளுன்னு நினைச்சி உச்ச விலையை அவருகிட்ட உளறிராதீங்க.

ஆரம்பம் 71, 72ல வையுங்க. 60ன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிருவாங்க, அப்புறம் நீங்க 80 குடுத்தாலும் பேச வர மாட்டாங்க, நம்ம ஊரு ரோசம் தெரியும்லா. வீட்டையும் குறை சொல்லாதீங்க, அது அவங்க அப்பா பாத்துப் பாத்து கட்டின வீடு. 'வயரிங் மாத்தணும், மாடி ஒழுகுது, மரத்துல கரையான் இருக்கு, எனக்கு இவ்ளோ செலவு இருக்கு'ன்னு உங்க செலவா சொல்லுங்க, கொத்தனாரைக் கூட்டிட்டு போய் ஒரு மதிப்பு எழுதி வாங்கிக் காட்டினா இன்னும் நல்லது. பதிவுத்துறை இணையதளத்துல அதே சர்வே நம்பருக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தா பக்கத்துல என்ன விலைக்கு பத்திரம் ஆயிருக்குன்னு தெரியும், ஆனா அதுல இருக்கிறது நிசமாவே குடுத்த விலைதான்னு நம்பிராதீங்க.

இன்னொண்ணு, இதை அழுத்திச் சொல்லுதேன். லோன் போட்டா பேங்க் வக்கீல் ஒருத்தர் மூலப்பத்திரத்துல இருந்து எல்லாத்தையும் துருவிப் பாப்பாரு. லோன் இல்லைன்னா உங்களுக்காகப் பாக்க ஒரு ஈ காக்கா கிடையாது. பேங்க் பேனல்ல இருக்கிற வக்கீலுக்கே ஃபீஸ் குடுத்து முப்பது வருஷ வில்லங்கத்தோட லீகல் ஒப்பீனியன் வாங்குங்க. சீக்கிரம் முடிக்கலாம்னு சொன்ன வாய்க்காக இதை விட்டுராதீங்க, இருபது நாள்ங்கிறது வக்கீல் சரின்னு சொன்ன பிறகுதான்.

விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருக்கதால 1 சதவீதம் டிடிஎஸ், அதான் வரிப் பிடித்தம், நீங்கதான் பிடிச்சி கட்டணும், 77க்கு 77 ஆயிரம், அது விக்கிறவரு பணத்துல கழியும். இதை பத்திரத்தன்னைக்கு சொன்னா சண்டை வரும், பேசும்போதே சொல்லி வச்சிருங்க.

கேள்வி: 80 லட்சத்துக்கு பேச்சு முடிஞ்சுது. இப்ப என்னடான்னா பத்திரத்துல 50 போட்டுக்கலாம், மீதி 30ஐ ரொக்கமா குடுத்தா மூணு லட்சம் குறைக்கேன்னு சொல்லுதாரு. கைடுலைன் வேல்யூ, அதான் அரசு போட்டிருக்கிற மதிப்பு, 50க்குள்ளதான் வருது. பத்திரச் செலவும் குறையுமேன்னு எங்க வீட்டுக்காரரு யோசிக்காரு. (வாசகி, தியாகராஜநகர்)

பதில்: யம்மா, வேண்டாம். வீடு விக்கிறவரு 20,000 ரூவாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு, 2015 ஜூன்ல இருந்து இது இருக்கு. அபராதம் அவருக்குத்தானேன்னு விட முடியாது, அந்த முப்பது லட்சம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேள்வி உங்ககிட்டதான் வரும். பெரிய தொகைக்கு ஆகுத பத்திரத்தை எல்லாம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல இருந்தே வருமான வரிக்கு கணக்கு அனுப்பிருதாங்க. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு, சொத்து விவகாரத்துல ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா குடுத்தேன்னு கேஸ் வந்தா வருமான வரி துறைக்கு தகவல் போகணும்னு.

சரி, சட்டத்தை விடுங்க, லாபத்தையே பாப்போம். 30 லட்சத்தை மறைச்சா 9 சதவீதத்துல மிச்சம் 2 லட்சத்து 70 ஆயிரம். நாளைக்கு நீங்க இந்த வீட்டை விக்கும்போது வாங்கின விலை 50ன்னுதான் பத்திரம் பேசும், அந்த 30ம் உங்க லாபக் கணக்குல ஏறி 12.5 சதவீத வரி விழும், அது 3 லட்சத்து 75 ஆயிரம். அவரு குறைக்கேன்னு சொல்லுத மூணு லட்சத்துக்காக நீங்க இதை எல்லாம் தலையில ஏத்திக்கணுமா? அதுக்கு மேல, ரொக்கத்தை முன்னாலயே குடுத்து பத்திரத்துக்கு முந்தி ஏதாவது தகராறு ஆச்சுன்னா குடுத்ததுக்கு துண்டுச் சீட்டு கிடையாது. 'பூராவும் பேங்க் வழியாத்தான்'னு சொல்லிருங்க. அவரு விலகிப் போனா போகட்டும், பெரும்பாலும் ரெண்டு நாள் கழிச்சு அவரே போன் போடுவாரு.

கேள்வி: மேலப்பாளையம் பக்கம் ஒரு வீடு, விலை ஊரு விலையை விட ஆறு லட்சம் கம்மி. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கையெழுத்து போடுதாங்க, அக்காவுக்கு அம்பது பவுன் போட்டு கட்டிக் குடுத்தாச்சு, அவ கையெழுத்து தேவை இல்லைங்காங்க. எனக்கு லோன் இல்லாததால பேங்க்ல யாரும் கேக்கப் போறதில்ல. வாங்கலாமா? (வாசகர், நெல்லை டவுன்)

பதில்: உங்களுக்குன்னு தேடி வந்த ஆறு லட்சம்னு நினைச்சிக்கிட்டு இருக்கீங்க. லோன்காரன் ஒருத்தனும் தொட மாட்டான்னு தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்திருக்காங்க. இந்துக் குடும்பம்னா, அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்து, உயில் எழுதாம போயிட்டாருன்னா மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல இருந்தே. பூர்வீகச் சொத்துன்னாலும் தமிழ்நாட்டுல 1989லயே திருத்தம் வந்துச்சு, அப்புறம் 2005ல இந்தியா பூராவுக்கும் வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா சொல்லிருச்சு. நகை போட்டதை வச்சி பங்கு இல்லன்னு ஆகிராது. மத்த மதத்துக்காரங்களுக்கு சட்டம் வேற, ஆனா அதுலயும் பொம்பளப் பிள்ளைக்கு பங்கு உண்டு, கணக்குதான் மாறும்.

வாரிசு சான்றிதழ்ல யாரு யாரு பேரு இருக்கோ எல்லாரும் பத்திரத்துல கையெழுத்து போடணும், இல்ல அக்கா முதல்ல தன் பங்கை விட்டுக் குடுத்ததா விடுதலைப் பத்திரம் எழுதி பதிஞ்சு குடுக்கணும். 'அக்காவைக் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் ஒரு டிடி எடுத்துத் தாரேன், குறைச்ச ஆறு லட்சத்துல பாதியை நான் விலையில ஏத்திக்கிடுதேன்'னு சொல்லிப் பாருங்க. முடியாதுன்னா அங்க இருந்து எந்திரிச்சி வந்துருங்க.

கேள்வி: ஆடி மாசம் யாரும் வாங்க மாட்டாங்க, அப்ப போனா சல்லிசா முடிக்கலாமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: வாங்க மாட்டாங்கங்கிறது சரி, விக்கிறவரும் ஆடியில கையெழுத்து போட மாட்டாரே. பேச்சை ஆடியில வச்சிக்கிட்டு பத்திரத்தை ஆவணியில வையுங்க, கூட்டம் இல்லாம நிதானமா உக்காந்து பேசலாம், போட்டிக்கு ஆள் குறைவு. ஆடிப்பெருக்கு அன்னைக்கு மட்டும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கூட்டம் தாங்காது, அன்னைக்கு கூடுதலா டோக்கன் குடுக்கிற அளவுக்கு. மார்கழியும் இதே கதைதான், தைக்கு காத்துக்கிட்டு இருப்பாங்க.

கேள்வி: நெல்லை வண்ணாரப்பேட்டையில ஒரு வீடு, 2023 வெள்ளத்துல தண்ணி ஏறின இடம். அதைச் சொல்லி எவ்ளோ குறைக்கலாம்? (வாசகி, கே.டி.சி. நகர்)

பதில்: தண்ணி எவ்ளோ ஏறுச்சுங்கிறதைப் பொறுத்தது. அந்த டிசம்பர் 17, 18ல தாமிரபரணி பொங்கினப்ப ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை எல்லாம் ஒரே மாதிரி முங்கல, ஒரே தெருவுல ஒரு வீட்டுல வாசப்படியோட நின்னுச்சு, அடுத்த வீட்டுல ஜன்னலைத் தாண்டுச்சு. புது பெயின்ட் அடிச்சி இருந்தா மெயின் சுவரைப் பாக்காதீங்க, மாடிப்படிக்கு அடியில, மீட்டர் பெட்டிக்குப் பின்னால, பழைய அலமாரி உள்பக்கம் பாருங்க, தடம் இருக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி சரியா சொல்லும், எந்தப் படி வரைக்கும்னு. மூணு நாலு அடி ஏறின வீடுன்னா தரையை உசத்தணும், வயரிங்கை மேல ஏத்தணும், அந்தச் செலவு பூராவையும் விலையில கழிச்சிக் கேளுங்க, அதுக்கு மேலயும் கேக்கலாம், நீங்க திருப்பி விக்கும்போது வாரவனும் இதே கேள்வியைத்தானே கேப்பான். லோன்காரன் அந்த வீட்டுக்கு வரத் தயங்குதான்னா ரெடி பணம் அங்க நல்லாவே பேசும். வயசானவங்க, கைக்குழந்தை இருக்கிற வீடுன்னா எவ்ளோ குறைச்சாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: பேசி, கை குடுத்து, அம்பதாயிரம் டோக்கனும் போன்ல அனுப்பியாச்சு. இப்ப இன்னொருத்தன் ரெண்டு லட்சம் கூடத் தாரான்னு விலையை ஏத்துதாரு. (வாசகர், வள்ளியூர்)

பதில்: இன்னொருத்தன் நிசமா இருக்கானான்னு முதல்ல பாக்கணும், பாதி நேரம் அப்படி ஒருத்தனே இருக்க மாட்டான். 'அவருகிட்டயே குடுங்க, என் அம்பதாயிரத்தை இன்னைக்கே திருப்பிருங்க'ன்னு சொல்லுங்க, அப்ப தெரிஞ்சுரும். நிசமாவே இருந்தா, உங்க கையில பதிஞ்ச ஒப்பந்தம் இல்ல, போன்ல அனுப்பின டோக்கனை வச்சி கோர்ட்டுக்கு போய் வீட்டை வாங்க வருஷக்கணக்கா அலையணும். தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதியணும், இருபது ரூவா பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்கி வச்சிக்கிறது பத்தாது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது டோக்கன்னு ஒண்ணும் குடுக்காதீங்க, விலை படிஞ்ச மறுநாளே ஒப்பந்தத்தைப் பதிஞ்சு, அங்க வச்சே அட்வான்ஸை செக்காக் குடுங்க. எத்தனை நாள்ல பத்திரம், வில்லங்கத்துல ஏதாவது வந்தா அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்பும், ரெண்டையும் அதுலயே எழுதிருங்க.