‘தேர்ஸ் சம்திங் அபவுட் மேரி’: கொச்சை நகைச்சுவை எங்கே வெல்கிறது, எங்கே சறுக்குகிறது?

ஃபாரெல்லி சகோதரர்கள் 1998-இல் இயக்கிய இந்த அமெரிக்கப் படத்தின் கொச்சையான நகைச்சுவை உண்மையிலேயே எடுபடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் எடுபடுகிறது என்பதே என் கருத்து.

பென் ஸ்டில்லர் நடித்த டெட், தான் ஆசைப்படும் மேரியைப் (கேமரன் டயஸ்) பள்ளி நடன விருந்துக்கு அழைத்துச் செல்ல வந்த இடத்தில், குளியலறையில் கால்சட்டை ஜிப்பில் தன் அந்தரங்க உறுப்பைச் சிக்கவைத்துக்கொள்ளும் காட்சியைப் பாருங்கள். முதலில் காயத்தைக் காட்டாமல், அதைப் பார்ப்பவர்களின் முகங்களையே கேமரா காட்டுகிறது. மேரியின் வளர்ப்புத் தந்தை, அடுத்துத் தாய், சன்னல் வழியே ஒரு போலீஸ்காரர், பின்னர் தீயணைப்பு வீரர் என ஆட்கள் சேரச் சேர, வலியைவிட மானக்கேடே பெரிதாகிறது. கூனிக்குறுகி நிற்கும் அந்தப் பையன்மீது பரிவு பிறப்பதால்தான் சிரிப்பும் வருகிறது. டெட்டின் விந்தைத் தலைமுடி ஜெல் என்று நினைத்து மேரி கூந்தலில் பூசிக்கொள்ளும் காட்சியும் (அருவருப்பின் உச்சம் அதுதான்) டெட்டின் தவிப்பால்தான் நிற்கிறது.

படம் சறுக்கும் இடங்களும் உண்டு. நாய்க்கு மின்சாரம் பாய்ச்சும் காட்சியில் வெறும் அதிர்ச்சியே மிஞ்சுகிறது. அதைவிட என்னை உறுத்துவது, மேரியின் அறிவுத்திறன் குறைபாடுள்ள சகோதரன் வாரனைக் கையாண்ட விதம். அவள் அவனிடம் காட்டும் பாசம் மெய்யானது. ஆனால் காதைத் தொட்டால் அவன் வெகுண்டெழுவதை வேடிக்கையாக்கும்போது, அவன் மனிதனாக இல்லாமல் சிரிப்பூட்டும் கருவியாகிவிடுகிறான்.