பழைய எக்ஸிக்யூட்டிவ் கார் எம்ஓடி தேறுமா? அட்டவணையை விட அந்த ஒரு காரின் பதிவைப் பாருங்கள்

கேள்வி: மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். 2014இல் பதிவான மெர்சிடிஸ் இ-கிளாஸ் டீசல் சலூன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 1,12,000 மைல் ஓடியிருக்கிறது. நான் வாங்கினால் நான்காவது கை. விற்பவர் புதிதாக 12 மாத எம்ஓடி (கார் ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனையின் சான்றிதழ்) எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இந்த மாடல் எம்ஓடியில் நன்றாகத் தேறுகிறது என்று ஓர் அட்டவணையில் பார்த்தேன். மச்சானோ, "பெரிய கார், ஒவ்வொரு எம்ஓடிக்கும் பெரிய பில் வரும்" என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?

பதில்: அட்டவணை பொய் சொல்லவில்லை, உங்கள் மச்சானும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு காரைப் பற்றி இரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய பதிவு இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் அட்டவணையில் இருக்கும் தேர்ச்சி சதவீதம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

பிரிட்டனில் ஓடும் கார்களில், அண்மைய ஆண்டுகளின் கணக்குப்படி, ஏறக்குறைய 30 சதவீதம் எம்ஓடியில் முதல் தடவை தோற்கின்றன. ஆகவே தோல்வி என்பது அரிய விஷயமே இல்லை. தோல்விக்கான காரணங்களில் முதலிடம் விளக்குகளுக்கு. அடுத்து சஸ்பென்ஷன், பிரேக், டயர். இங்கேதான் சதவீதம் நம்மை ஏமாற்றுகிறது. நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் சின்ன பல்புகள் எதுவுமே எரியாவிட்டாலும் தோல்வி. சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம் துருப்பிடித்து ஓட்டையாகிப் போயிருந்தாலும் தோல்வி. அட்டவணையில் இரண்டும் ஒரே ஓர் எண்ணிக்கைதான்.

எக்ஸிக்யூட்டிவ் கார்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ6 போன்றவற்றில் பெரும்பங்கு முதலில் நிறுவனக் கார்களாகவோ லீஸ் கார்களாகவோ ரோட்டுக்கு வருகின்றன. முதல் மூன்று வருடம் மோட்டார்வேயில் நிறைய மைல் ஓடும், ஆனால் சர்வீஸ் தேதி தவறாது, டயர் தேய்ந்தால் கம்பெனி செலவில் மாறும். மூன்றாம் வருட முடிவில் முதல் எம்ஓடிக்கு வரும்போது, அதே வயதுள்ள ஒரு சின்னக் காரைப்போல இரண்டு மூன்று மடங்கு மைல் ஓடியிருந்தாலும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். தலைகீழாவது அதற்குப் பிறகு. விலை இறங்க இறங்க அடுத்தடுத்த கைகளுக்குப் போகிறது. காரின் விலை குறைந்ததே தவிர, அதன் டயர், ஸ்பிரிங், ஹெட்லைட் விலை குறையவில்லை. பத்து வயதில் அந்தக் காரை வைத்திருப்பவர், புதிதாக வாங்கியபோது இருந்த தரத்தில் அதைப் பராமரிக்கிறாரா என்பதுதான் எம்ஓடி முடிவைத் தீர்மானிக்கிறது. மெர்சிடிஸ் நட்சத்திரம் தீர்மானிப்பதில்லை. பதினைந்து வயதைத் தாண்டிய கார்களின் சதவீதத்தில் இன்னொரு திரிபும் சேர்ந்துகொள்கிறது: மோசமானவை ஏற்கெனவே ஸ்கிராப்புக்குப் போயிருக்கும், கணக்கில் மிஞ்சியிருப்பவை ஆசையாகப் பார்த்துக்கொள்ளப்பட்டவை.

மச்சான் சொல்வதில் உண்மை இருப்பது பில்லில். சின்னக் காருக்கும் பெரிய காருக்கும் தோல்விக் காரணம் ஒன்றாகவே இருக்கலாம், சரிசெய்யும் செலவு ஒன்றாக இருக்காது. பழைய மாதிரி ஹெட்லைட்டில் பல்பை மாற்றினால் வேலை முடிந்தது. எல்இடி ஹெட்லைட்டில் பல இடங்களில் முழு யூனிட்டையே மாற்றவேண்டியிருக்கும். ஸினான் ஹெட்லைட் என்றால் அதன் வாஷரும், தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பும் வேலை செய்யவேண்டும். டயரும் அகலம், விலையும் அதிகம். பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் ரன்ஃபிளாட் டயர் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரகம்) பரவலாக வரும். சக்கரக் கோணம் சரியில்லாத கார்களில் பின் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்து, வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும். சட்டப்படி டயரின் நடு முக்கால் அகலத்தில், சுற்றளவு முழுக்க, 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். உள் ஓரத்தில் டயர் நூல் வெளியே தெரிந்தால், நடுப்பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தோல்விதான். காரைப் பார்க்கப் போகும்போது ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி முன் டயர்களின் உள் பக்கத்தையும், குனிந்து டார்ச் அடித்துப் பின் டயர்களின் உள் பக்கத்தையும் பாருங்கள்.

சஸ்பென்ஷன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வகைக் கார்கள் உண்மையாகத் திணறும் இடம் இதுதான். சொகுசாக ஓடுவதற்காக ஒவ்வொரு சக்கரத்தையும் "கை" எனப்படும் இணைப்புத் தண்டுகள் பல பிடித்திருக்கும். ஒவ்வொரு கையின் முனையிலும் ரப்பர் புஷ் அல்லது பால் ஜாயின்ட். ஆடி ஏ6இன் முன்பக்கம் இதற்கு நல்ல உதாரணம்: அலுமினியக் கைகள் பல, அவற்றில் ஏதாவது ஒன்று ஆடத் தொடங்கும். பின்பக்கம் சாமான் இடம் நீண்ட எஸ்டேட் மாடல்களில் பின்னால் காற்றுப்பை சஸ்பென்ஷன் வரும். உங்கள் தலைமுறை இ-கிளாஸ் எஸ்டேட்டிலும், 2003க்குப் பின் வந்த 5 சீரிஸ் எஸ்டேட்டான டூரிங்கிலும் இது உண்டு. காற்றுப்பை வயதாகிக் கசிந்தால் கார் பின்னால் குந்திவிடும். நீங்கள் பார்ப்பது சலூன் என்பதால், அது இரும்பு ஸ்பிரிங்கில் நிற்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நிற்கிறது என்றால் இந்தக் கவலை ஒன்று குறைந்தது. ஆனால் ஸ்பிரிங் உடைவது இந்த நாட்டில் எந்த மாடலையும் விட்டுவைப்பதில்லை. குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு துருவைத் தருகிறது, மிச்சத்தைக் குழிகள் செய்கின்றன.

துரு என்றதும் உங்கள் காருக்கே உரிய ஒன்று. 2009 முதல் 2016 வரை வந்த இந்த இ-கிளாஸில் பின்பக்க சப்ஃப்ரேம், அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம், உள்ளிருந்து துருப்பிடிப்பது தெரிந்த குறை. அதே காலத்து சி-கிளாஸிலும் உண்டு. எம்ஓடி விதியில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட், ஸ்டியரிங் போன்றவை பிடிக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலவீனப்படுத்தும் துரு இருந்தால் தோல்வி. நான் இந்தக் காரை வாங்குவதாக இருந்தால் லிஃப்டில் ஏற்றி அந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்க்காமல் ஒரு பவுண்டுகூட முன்பணம் கொடுக்கமாட்டேன்.

"எம்ஓடியில் அதைப் பார்த்திருப்பார்களே" என்று நினைக்கலாம். பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும். சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கக்கூடாது என்பது விதி. இந்த ரகக் கார்களின் அடியில் பிளாஸ்டிக் மூடிகள் நிறைய. அதனால்தான் இவற்றின் எம்ஓடி பதிவில், "அடிமூடி இருப்பதால் சில பாகங்கள் தெரியவில்லை" என்கிற குறிப்பு அடிக்கடி வரும். அது குறை இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை என்று அதற்கு அர்த்தம்.

எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் நிலையை எம்ஓடி பார்ப்பதே இல்லை. இந்த சோதனை 1960இல் தொடங்கியது, அப்போது பத்து வயதான வாகனங்களுக்கு மட்டும். 1967இல் மூன்று வயதாகக் குறைத்தார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அதன் நோக்கம் ரோட்டில் ஆபத்து இல்லாமல் ஓடுமா என்பது. பிற்பாடு புகைச் சோதனையும் சேர்ந்தது. அதனால் எம்ஓடியில் ஒரு குறிப்புகூட இல்லாமல் தேறிய கார், அடுத்த மாதம் டைமிங் செயின் அறுந்து நிற்கலாம். 2007ஐ ஒட்டி வந்த பிஎம்டபிள்யூ நான்கு சிலிண்டர் டீசலில் அந்தச் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. பிரச்சினை வந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கவேண்டும். உங்கள் மெர்சிடிஸில் 2.1 லிட்டர் எஞ்சின் இருந்தால் அதிலும் செயின் பின்பக்கம்தான். குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், சங்கிலி உரசும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

டீசலில் இன்னொன்று, டிபிஎஃப் என்கிற கரிப்புகை வடிகட்டி. 2018 மே 20 முதல் விதி கடுமையானது: டிபிஎஃப் உள்ள காரின் குழாயிலிருந்து எந்த நிறத்திலாவது புகை கண்ணுக்குத் தெரிந்தாலோ, டிபிஎஃப்பில் கைவைத்த அடையாளம் இருந்தாலோ தோல்வி. மோட்டார்வேயில் ஓடும்வரை இந்த வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடம், கடை, வீடு என்று இரண்டு மைல் ஓட்டத்திலேயே காலம் கழித்தால் அடைத்துக்கொள்ளும். உங்கள் ஓட்டம் இரண்டாவது ரகம் என்றால் இந்தக் கார் உங்களுக்கு வேண்டாம், பெட்ரோல் பாருங்கள். லண்டனில் உறவினர் வீடுகளுக்குப் போய்வருபவராக இருந்தால், அதிகம் புகை விடும் வாகனங்களுக்கு அங்கே வாங்கும் யூலெஸ் கட்டணத்தையும் சரிபாருங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டன் முழுவதற்கும். டீசல் கார் யூரோ 6 என்கிற புகைத் தரத்தில் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. 2014 இ-கிளாஸ் டீசல்களில் யூரோ 5உம் உண்டு, யூரோ 6உம் உண்டு. எம்ஓடி தேறிவிட்டதால் யூலெஸ் விலக்கு கிடைக்காது.

இப்போது அந்த இலவசப் பதிவு. அரசின் இணையதளத்தில் காரின் நம்பரைப் போட்டால், 2005 முதலான எம்ஓடி வரலாறு முழுக்க வரும்: தேர்ச்சியா தோல்வியா, என்ன காரணம், என்னென்ன அறிவுரைக் குறிப்பு (தோற்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும் கவனிக்கவேண்டிய குறை), அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல். உங்கள் கார் 2014 என்பதால் அதன் முதல் சோதனை 2017இல் இருக்கும். முதலில் மைல் எண்களை வரிசையாகப் பாருங்கள். எங்காவது குறைந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகிக்கவேண்டும். எழுத்துப்பிழை என்றால் அடுத்த வருடப் பதிவிலேயே தெரிந்துவிடும். ஒரு வருடம் 25,000 மைல், அப்புறம் திடீரென்று 3,000 என்று விழுந்திருந்தால், மேலே சொன்ன டிபிஎஃப் கேள்வியை அங்கே கேளுங்கள்.

தோல்விகளை விட அறிவுரைக் குறிப்புகளைக் கவனமாகப் படியுங்கள். ஒரு வருடம் வந்த குறிப்பு அடுத்த வருடம் காணாமல் போனால், யாரோ செலவு செய்து சரிசெய்திருக்கிறார்கள். "முன் கை புஷ் தேய்மானம்" மூன்று வருடமாகத் தொடர்ந்து வந்தால், தோற்கிற அளவுக்கு மோசமாகும்வரை காத்திருக்கும் உரிமையாளர் அவர். டயர், பிரேக் பேட் குறிப்புகள் ஒவ்வொரு வருடமும் வந்தால், எண்ணெய் மாற்றுவதிலும் அதே பழக்கம்தான் இருந்திருக்கும். ஒரே நாளில் தோல்வியும் தேர்ச்சியும் பதிவாகியிருந்தால் பயப்படாதீர்கள். பல்பு, வைப்பர் மாதிரி ஏதாவது அங்கேயே மாற்றியிருப்பார்கள். பத்து வயதுக் காருக்கு ஒரு குறிப்புகூட இல்லாமல் வருடாவருடம் தேர்ச்சி என்றால் எனக்குச் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் அதிகம் வரும். உரிமையாளரிடம் இருக்கும் வி5சி பதிவுப் புத்தகத்தின் எண் கிடைத்தால், எந்தச் சோதனை நிலையம் என்பதையும் பார்க்கலாம். எல்லாம் ஒரே இடம், அதுவும் விற்பவருக்குத் தெரிந்த இடம் என்றால் யோசியுங்கள்.

விற்பவர் எடுத்துத் தரும் "புதிய 12 மாத எம்ஓடி"யை நான் பெரிய சலுகையாக எடுத்துக்கொள்ளமாட்டேன். சோதனைக் கட்டணம் அதிகபட்சம் 54.85 பவுண்டுதான். உள்ளூர் கவுன்சில்கள் நடத்தும் எம்ஓடி நிலையங்கள் பல ஊர்களில் பொதுமக்களுக்கும் திறந்திருக்கின்றன. அங்கே ரிப்பேர் செய்வதில்லை, அதனால் இல்லாத குறையைச் சொல்லவும் இருக்கும் குறையை மறைக்கவும் காரணமில்லை. "எம்ஓடியை அங்கே எடுங்கள், கட்டணம் நான் தருகிறேன்" என்று விற்பவரிடம் கேளுங்கள். அவர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

காரைப் பார்க்கும் அன்று சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், டாஷ்போர்டைப் பாருங்கள். ஏபிஎஸ், ஏர்பேக், எஞ்சின் எச்சரிக்கை விளக்குகள் எரியவேண்டும், எஞ்சினைக் கிளப்பியபிறகு அணையவேண்டும். அணையாவிட்டால் எம்ஓடி தோல்வி. எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை முடக்கியிருக்கலாம், அது இன்னும் மோசம். காரின் கணினியிலிருந்து பிழைக் குறியீடுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி ரீடர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். எஞ்சினின் சுயசோதனைகள் பல "தயாராக இல்லை" என்று காட்டினால், பிழைக் குறியீடுகளை அண்மையில் அழித்திருக்கலாம்.

இதெல்லாம் பார்த்தபிறகு வரலாறு ஒழுங்காக இருந்து, சப்ஃப்ரேம் திடமாக இருந்து, சர்வீஸ் ரசீதுகளும் கையில் இருந்தால், 1,12,000 மைலைக் கண்டு தயங்கவேண்டாம். இந்தக் கார்கள் அந்தத் தூரத்துக்குக் கட்டப்பட்டவைதான். வருடாவருடம் டயர், புஷ், பிரேக்குக்கு என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அது முடியாது என்றால் மச்சான் சொல்வதைக் கேட்டுச் சின்னக் காருக்குப் போய்விடுங்கள். வாங்கியபின், எம்ஓடி முடிவதற்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதிலிருந்தே அடுத்த சோதனையை எடுக்கலாம், பழைய தேதி மாறாது. தோற்றாலும் பழைய சான்றிதழ் முடியும்வரை நாள் இருக்கும், அவசரத்தில் முதல் கராஜ் சொன்ன விலைக்குத் தலையாட்டவேண்டியதில்லை. ஆனால் "ஆபத்தான குறை" என்று எழுதிவிட்டால் பழைய சான்றிதழ் இருந்தாலும் அந்தக் காரை ஓட்டக்கூடாது. ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 பாயிண்டும் வரலாம்.