பழைய மடிக்கணினி தொடங்கவே பல நிமிடங்கள் ஆகின்றன: ரேம் கூட்டுவதா, புதிதாக வாங்குவதா?

பத்தாண்டுப் பழைய மடிக்கணினி, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்திய பிறகு வேலை தொடங்க ஏழெட்டு நிமிடம் ஆகிறது, ஃபார்மேட் செய்தபின் சில வாரங்கள் நன்றாக இருந்து மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உறவினர்களும் நண்பர்களும் கொடுத்துவிட்டுப் போகும் பழைய கணினிகளைச் சரிபார்த்துத் தரும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எதையும் வாங்குவதற்கும் அழிப்பதற்கும் முன்னால், அந்த ஏழெட்டு நிமிடம் எந்தக் கட்டத்தில் செலவாகிறது என்று பாருங்கள். காரணத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். பொத்தானை அழுத்தியதிலிருந்து லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுழலத் தொடங்கும் வரை முதல் கட்டம். அங்கிருந்து கடவுச்சொல் கேட்கும் திரை வரை இரண்டாவது. கடவுச்சொல் கொடுத்து, டெஸ்க்டாப் வந்து, ஒரு ஃபோல்டரைத் திறந்தால் தயங்காமல் திறக்கும் நிலை வரை மூன்றாவது. இதை ஒரு முறை ஷட் டவுன் செய்து தொடங்கியும், ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தும் அளந்து பாருங்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுமையாக மூடப்படாமல் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே மீட்கப்படும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ரீஸ்டார்ட்டில் ஒழுங்காக வரும் கணினி, ஷட் டவுனுக்குப் பிறகு மட்டும் இழுத்தடித்தால், அந்த ஏற்பாட்டை அணைத்துப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

முதல் கட்டமே நீண்டால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது அது ஓடத் தொடங்கவே இல்லை. என்னென்ன மென்பொருள்கள் ஓடுகின்றன என்று காட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று சில கணினிகளில் நொடிக்கணக்கு தெரியும். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள். அந்தக் கணக்கு இருபதைத் தாண்டினால் பயாஸ் அமைப்பைத் திறந்து பாருங்கள். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பட்டியலில் நெட்வொர்க் முதலாவதாக இருப்பது, செருகியே விடப்பட்ட பென்டிரைவ், பழுதான டிவிடி டிரைவ் ஆகியவை இங்கு வழக்கமான காரணங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்தால் தேதியும் நேரமும் பின்னுக்குப் போய்விடுகின்றன என்றால், உள்ளே இருக்கும் சிறிய காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் கணினியில் பெரும்பாலும் மூன்றாவது கட்டமே நீளமாக இருக்கும் என்பது என் ஊகம். காரணம் ஹார்ட் டிஸ்க். மடிக்கணினிகளில் வழக்கமாக வரும் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அந்த முனை சரியான தடத்துக்கு நகர்வதற்கும் தனியாக நேரம் வேண்டும். ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு நூறு துண்டுகள்கூட அதனால் தர முடியாது. ஒரே பெரிய வீடியோ கோப்பைப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி வரை தரும் அதே டிஸ்க், விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் கேட்கப்படும் ஆயிரக்கணக்கான சிறு படிப்புகளில் நொடிக்கு ஒரு எம்பிக்கும் கீழே இறங்கிவிடுவது இதனால்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தப்படும், தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் ஒன்றும் இல்லை. நொடிக்குப் பல்லாயிரம் படிப்புகள் அதற்கு எளிது.

ஃபார்மேட் செய்தபின் சில வாரங்கள் மட்டும் வேகமாக இருந்ததற்கும் விளக்கம் இதுவே. புதிதாக நிறுவிய விண்டோஸில் கூடவே எழுந்து ஓடும் புரோகிராம்கள் குறைவு; பிறகு பிரவுசர், பிரிண்டருக்கான மென்பொருள், ஆன்டிவைரஸ், தானாக அப்டேட் தேடும் துணைநிரல்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, தொடங்கும் நேரத்தில் ஒரே டிஸ்க்கிடம் ஒரே சமயத்தில் கை நீட்டுகின்றன. டிஸ்க் முன்பிருந்த வேகத்தில்தான் இருக்கிறது, வேலைதான் கூடிவிட்டது. எனவே இன்னொரு முறை ஃபார்மேட் செய்தால் இன்னும் சில வாரங்கள் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவது கட்டத்திலும் இழுத்தால் சற்று எச்சரிக்கை தேவை. நான் பார்த்த ஒரு கணினியில் லோகோவுக்குக் கீழே சுழலும் புள்ளிகள் நடுவில் உறைந்து நின்றுவிட்டு, சற்றுக் கழித்து மீண்டும் நகரும். விசைப்பலகையின் ஓரத்தில் காதை வைத்தால் சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று கேட்டது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டியது, ஆனால் படிக்கும் வேகமோ நொடிக்குச் சில கேபி. சராசரி மறுமொழி நேரம் ஆயிரக்கணக்கான மில்லிநொடிகளில் இருந்தது. படிக்க முடியாத பகுதியை டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்ப முயல்வதன் அடையாளம் இது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் 'ஸ்மார்ட்' விவரங்களை (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளை) திறந்து, 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்புகளைப் பாருங்கள். பழுதான பகுதிகளும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளும் அங்கேதான் பதிவாகின்றன (அந்த மென்பொருள் இவற்றைப் பதினறும எண்களில் காட்டும்: 05, சி5, சி6). 197-இல் சுழியத்தைத் தவிர வேறு எது இருந்தாலும், மற்ற ஆராய்ச்சிகளை நிறுத்திவிட்டு உங்கள் கோப்புகளை வெளியே நகலெடுப்பதுதான் அடுத்த வேலை. அந்த நிலையில் டிஃப்ராக் செய்வதும் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்ப்பதும்), முழு டிஸ்க்கையும் சரிபார்க்கும் கருவியை இரவெல்லாம் ஓடவிடுவதும் சாகக் கிடக்கும் டிஸ்க்கை முடித்துவைக்கக்கூடும்.

டிஸ்க் நலமாக இருக்கிறது என்றால், செலவில்லாத வேலைகளை முதலில் செய்யலாம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், தொடங்கும்போதே தேவைப்படாதவற்றை முடக்குங்கள். முடக்குவதால் அந்த மென்பொருள் அழிந்துவிடாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். எந்தச் சேவை தாமதிக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'டயக்னாஸ்டிக்ஸ்-பெர்ஃபாமன்ஸ்' பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: 100 என்ற எண்ணுள்ள பதிவில் மொத்தத் தொடக்க நேரம் மில்லிநொடியில் இருக்கும், 101 முதலான பதிவுகளில் வழக்கத்தைவிடத் தாமதித்த புரோகிராம், டிரைவர், சேவை ஆகியவற்றின் பெயர்கள் இருக்கும். பதிவகத்தை (விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் 'ரெஜிஸ்ட்ரி'யை) சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை மட்டும் தொட வேண்டாம். 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற விண்டோஸ் அமைப்புக் கருவிக்குச் சென்று பிராசசர்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகமாகும் என்று பலர் பரப்புவதும் வெறும் கதை. விண்டோஸ் இயல்பாகவே பிராசசரில் உள்ள எல்லா கோர்களையும் (கணக்கிடும் பகுதிகளையும்) பயன்படுத்துகிறது, அந்தக் கட்டம் சோதனைக்காக எண்ணிக்கையைக் குறைப்பதற்கே வைக்கப்பட்டது.

பணம் செலவழிப்பதென்றால் முதலில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும் (டிஸ்க்கைக் கணினியுடன் இணைக்கும் இணைப்பு வகைதான் சாட்டா). பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டரும் இருந்தால், ஆடாமல் நிற்க ஒரு சட்டம் மட்டும் வைக்க வேண்டியிருக்கும். உங்கள் கணினியில் இருப்பது பழைய தலைமுறை சாட்டா என்றாலும் தயங்க வேண்டாம். அது பெரிய கோப்புகளின் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும், சிறு படிப்புகளில் கிடைக்கும் பயனை அது கெடுக்காது. பழைய விண்டோஸை அப்படியே நகலெடுத்து மாற்றுவதாக இருந்தால், பயாஸில் சாட்டா முறையை மாற்றாமல் விடுங்கள். மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் நீலத்திரை வரலாம்.

ரேம் இரண்டாவது. தொடங்கி முடித்து, எதையும் திறக்காத நிலையிலேயே டாஸ்க் மேனேஜர் நினைவகப் பயன்பாட்டை எண்பது சதவீதத்துக்கு மேல் காட்டினால் 8 ஜிபி ஆக்குவது பயன் தரும், ஏனெனில் ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்துகிறது. வாங்குமுன் மதர்போர்டில் ரேமுக்கான காலி ஸ்லாட் உண்டா என்றும், இப்போதுள்ள ரேமின் வகை டிடிஆர்3-ஆ, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் டிடிஆர்3எல்-ஆ என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதைப் பற்றி யோசிக்க வைக்கும் விஷயம் வேறொன்று. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள் உட்பட) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், ஆகவே உங்கள் கணினி அந்தத் தகுதிப் பட்டியலில் வராது. எஸ்எஸ்டி போட்டபின் வங்கி வேலைகளுக்கும் அதையே பயன்படுத்த எண்ணினால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுவதே என் விருப்பம். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே அதை இயக்கி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.