பவளத் தொட்டிக்கு எந்த மணல்?

கேள்வி: மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் பவளத்துக்கான உப்புநீர்த் தொட்டி வைக்கப் போகிறேன். அடியில் பெரிய பவளச் சில்லு போடச் சொல்கிறார் கடைக்காரர். ராமேஸ்வரம் கடற்கரை மணலே போதும் என்கிறார் நண்பர். எதைப் போடலாம், எவ்வளவு உயரத்துக்கு?
— வாசகர், மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம். 1 முதல் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள அரகோனைட் மணல், அதாவது சுண்ணாம்பு வகைக் கனிம மணல் வாங்குங்கள்.

பெரிய சில்லு என்றால் மீன் கழிவும் மிச்சத் தீனியும் இடுக்கில் இறங்கி அழுகும், விடாமல் சைஃபன் குழாய் போட்டு உறிஞ்சாவிட்டால் அந்தக் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடும் கோபி மீனுக்கு அதில் வேலையே இல்லை; இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன் வகைகளுக்கு உடம்பெல்லாம் சிராய்ப்புதான். அதற்காக மாவு போன்ற நைஸ் மணலுக்கும் போய்விடாதீர்கள், வேவ்மேக்கர் (தண்ணீரை அலைபோல் தள்ளும் மோட்டார்) ஓட ஆரம்பித்ததும் ஒரு மூலையில் வெறும் கண்ணாடி தெரியும், இன்னொரு மூலையில் மேடு தட்டிக் கிடக்கும்.

அப்புறம் கடற்கரை மணல். ஒரு சிட்டிகையில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஆனால் நம் கரைகளில் பெரும்பாலும் நுரைக்காத குவார்ட்ஸ் மணல்தான், தென்கோடியில் இல்மனைட், கார்னெட் என்ற இரும்புச் சத்துள்ள கனிமங்களும் சேர்ந்திருக்கும்; பவளத் தொட்டிக்கு இது ஆகாது. ராமேஸ்வரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கரையில் ஒதுங்கிய துண்டைக்கூடத் தொடாதீர்கள். அங்குள்ள பவளத் திட்டுகள் பட்டதெல்லாம் போதும், ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகவே பவளத்தை வெட்டி எடுத்தார்கள்.

அரகோனைட் போட்டால் பிஎச் (நீரின் அமில-கார அளவு) தானாக நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிஎச் 8க்கு மேல் இருக்கும் நீரில் அது கரைவதே இல்லை என்று சொல்லலாம், பவளம் உறிஞ்சும் கால்சியத்தையும் காரத்தன்மையையும் நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

உயரம் 3 சென்டிமீட்டர் போதும், உங்கள் தொட்டிக்குச் சுமார் 18 கிலோ பிடிக்கும். 10 சென்டிமீட்டருக்கு மேல் போட்டால் ஆக்சிஜன் இல்லாத அடியில் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும், நல்லதுதான். ஆனால் அதையே கிளறிவிட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறி மீன்களைக் கொன்றுவிடலாம். முதல் தொட்டியில் அந்த விஷப்பரீட்சை எதற்கு?

சரி, ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் தொட்டிக்குள் வைக்கும் பாறைகளைக் கண்ணாடித் தரையில் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால் கோபியும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டத் தோண்ட ஒருநாள் பாறை சரிந்து கண்ணாடியில் மோதும்.