இமை இறங்கினால் நெஞ்சையும் பாருங்கள்: கண் மருத்துவர் பதில்கள்

மதுரை: டாக்டர், அப்பாவுக்கு 58 வயது. வலது தோள் வலிக்குக் கழுத்துத் தேய்மானம் என்று பிசியோதெரபி நடக்கிறது. இப்போது வலது இமையும் லேசாக இறங்கியிருக்கிறது. வயசானதால்தானே?

பதில்: வயதால் இறங்கும் இமை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இறங்கும். இன்றிரவே விளக்கை மங்கலாக்கி அவருடைய கண்பாப்பாக்களைப் பாருங்கள். இருட்டில் இரண்டும் விரிய வேண்டும். இமை இறங்கிய பக்கம் மட்டும் சின்னதாகவே நின்றால் அது ஹார்னர் நோய்க்குறியாக இருக்கலாம். 1869-ல் சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னர் விவரித்தது. கண்பாப்பாவை விரிக்கவும் இமையைத் தூக்கவும் உதவும் சிம்பதெடிக் நரம்பு கண்ணுக்குச் சுற்று வழியில் வருகிறது: மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கி, நுரையீரல் உச்சியை ஒட்டிப் போய், கழுத்து ரத்தக்குழாயோடு மேலேறும். அந்த உச்சியில் வளரும் பான்கோஸ்ட் கட்டி என்ற நுரையீரல் புற்று இந்த நரம்பையும் அழுத்தும், கைக்குப் போகும் நரம்புகளையும் அழுத்தும். தோளில் தொடங்கும் வலி சுண்டுவிரல் வரை இறங்கும். இருமல் இல்லாததால் நுரையீரல் யாருக்கும் நினைவுக்கு வராது. எக்ஸ்ரேயில் அந்த இடம் காறை எலும்புக்குப் பின்னால் மறைந்துவிடலாம், அதனால் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். பழைய போட்டோ ஒன்றையும் எடுத்துப் போங்கள், இமை எப்போதிலிருந்து இப்படி என்று தெரியும். திடீர்க் கழுத்து வலியோடு இமை இறங்கினால் ரத்தக்குழாய்க் கிழிசலாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

திருப்பூர்: ஒரு வாரமாக இடது இமை துடிக்கிறது. புற்றுநோயா?

பதில்: இல்லை. நன்றாகத் தூங்குங்கள், காபியைக் குறையுங்கள்.

கோவை: அம்மா புகை பிடித்ததே இல்லை. ஒரு கண்ணில் கதவு நிலை வளைந்து தெரிகிறது. நுரையீரல் புற்று கண்ணுக்குப் பரவியிருக்கலாம் என்கிறார்கள். எப்படி?

பதில்: விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் இருக்கிறது. ரத்தத்தில் மிதந்து வரும் புற்று செல்கள் அங்கே தங்கிவிடும். மார்பகப் புற்றில் பெரும்பாலும் நோய் முன்பே தெரிந்திருக்கும். நுரையீரல் புற்றில் பல பேருக்குக் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. புகை பிடிக்காத ஆசியப் பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது அதிகம். நுரையீரல் புற்று உறுதியானால் அந்தப் பரிசோதனை அவசியம். மாற்றம் இருந்தால் மாத்திரை உண்டு, கண்ணில் உள்ள கட்டியும் அதிலேயே சுருங்குவதைப் பார்க்கிறோம்.

சேலம்: பவர் மாற்றியும் ஒரு கண் மங்கல். வேறு கடையில் காட்டலாமா?

பதில்: கண்ணாடிக் கடையோடு நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

நெல்லை: நுரையீரல் உச்சியில் நிழல் என்றால் நம் ஊரில் டிபிதான். என் மாமா மருந்து சாப்பிட்டே குணமானார். வீணாகப் பயமுறுத்தாதீர்கள்.

பதில்: உச்சி டிபிக்கும் பிடித்த இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா?

நெல்லை: சளியே வரவில்லை. மருந்து கேட்டது, அதுவே சாட்சி.

பதில்: மாமா தேறியதில் சந்தோஷம். ஆனால் அவருக்கு இமை இறங்கவில்லையே. டிபியாலும் ஹார்னர் வரலாம், அபூர்வமாக. இமையும் இறங்கி, தோளும் வலித்து, உச்சியில் நிழலும் இருப்பவருக்கு ஊகத்தில் ஆறு மாதம் டிபி மருந்து கொடுத்தால் அது புற்றாக இருந்தால் கட்டி முதுகெலும்பு வரை போய்விடலாம். அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு அந்த மாதங்களில்தான் கைநழுவுகிறது. சளி வராவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி உண்டு, ஊசி வைத்துச் சதை எடுக்கலாம். சோதித்துவிட்டு டிபி என்றால் தாராளமாக மருந்து கொடுக்கட்டும்.

ஈரோடு: எனக்கும் கண் துடிக்கிறது…

பதில்: திருப்பூருக்குச் சொன்னதேதான். துடிப்பு வேறு, இமை இறங்குவது வேறு. மதுரைக்காரர் சிடி எடுத்ததும் இங்கே எழுதுங்கள்.